நெடிய இரவும் நான்ஸெனும்

பூமியின் அச்சு நேராக நில்லாமல் சுமார் 23½ பாகை சாய்ந்து நிற்கிறது. இதனால் வட துருவத்தில் மார்ச்சு மாதம் உதிக்கும் சூரியன் ஆறு மாத காலம் அஸ்தமிப்பதில்லை. செப்டம்பரில் மறைந்தால் மறு மார்ச்சு வரை தலைகாட்டுவதும் இல்லை. அந்த நெடிய இரவுக்குள் வலியப் புகுந்து, தம்முடன் வந்தவரில் ஒருவரையும் பறிகொடாமல் மீண்ட தீரர், நார்வே தேசத்து பிரிட்ஜாப் நான்ஸென்.

1861-ல் பிறந்த அவர், 1888-ல் ஐந்து பேருடன் கிரீன்லாந்தின் உறைபனியைக் குறுக்கே கடந்து புகழ் பெற்றார். 1881-ல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டியில் நசுங்கி மூழ்கிய ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பலின் சிதைவுகள், மூன்று வருஷங்கள் கழித்துக் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கியிருந்தன. அப்படியானால் துருவக் கடலின் பனி ஓயாமல் நகர்கிறது என்று நான்ஸென் ஊகித்தார். அப்பனியுடன் போராடாமல், அதனிடமே கப்பலை ஒப்படைத்து மிதந்து செல்வது என்பது அவர் யோசனை. அனுபவசாலிகள் பலர் விவேகமற்ற காரியமென்று கண்டித்தனர். நார்வே பார்லிமெண்டு பொருளுதவி செய்தது. பனி நெருக்கினால் நசுங்காமல் மேலெழும்பும்படி அடிப்பாகம் உருண்ட கப்பலொன்று சமைக்கப்பட்டது. அதற்கு 'முன்னே' என்று பொருள்படும் பிராம் என்ற பெயரிட்டனர்.

1893 ஜூனில் பதின்மூவர் புறப்பட்டனர். செப்டம்பரில் கப்பல் பனியில் சிக்கியது. அக்டோபரில் சூரியன் மறைந்தான். மேல்தளத்தில் காற்றாலை சுழன்று மின்விளக்கு எரிந்தது. கடலின் ஆழம், உஷ்ணம், காற்றின் போக்கு ஆகியவற்றை அளந்தெழுதுவது நாள் தவறாது நடந்தது. ஆழமற்றதென்று கருதப்பட்ட அக்கடல் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுள்ளதென்று உலகம் அறிந்தது அவ்விருளில் செய்த வேலையால்தான்.

கப்பல் துருவத்தைத் தொடாதென்று கண்டதும், 1895 மார்ச்சில் நான்ஸென் ஜொஹான்ஸென் என்ற ஒரே துணைவருடன் நாய்வண்டிகளில் வடக்கே சென்றார். அதுவரை மனிதர் எட்டாத 86 பாகை 14 கலையை அடைந்தும், பனிமேடுகள் வழிமறித்ததால், பிடிவாதம் பேசாமல் திரும்பினார். பிரான்ஸ் ஜோசப் தீவுகளில் கல் அடுக்கி, வால்ரஸ் தோல் வேய்ந்த குடிசையில் இருவரும் மாரியைக் கழித்தனர். அங்கே அக்டோபர் மத்தியில் மறைந்த சூரியன் பிப்ரவரி கடைசியில்தான் திரும்பினான். உணவு கரடி மாமிசம். வெளிச்சம் கொழுப்பு விளக்கு. படிக்கக் கிடைத்தவை மாலுமிப் பஞ்சாங்கமும் கணித வாய்பாடுமே. அத்தனை நாளும் மரியாதைப் பன்மையில் பேசி வந்த அவ்விருவரும், 1895 முடியும் தறுவாயில்தான் ஒருமையில் அழைத்துக்கொள்ள இசைந்தனராம்! 1896-ல் அவர்களும் வீடு சேர்ந்தனர்; பிராமும் பனியினின்று விடுபட்டுத் திரும்பியது.

ஸ்வீடனுடன் ஒரே முடியின்கீழ் பிணைக்கப்பட்டிருந்த நார்வே, 1905-ல் யுத்தமின்றித் தனி நாடாயிற்று. அதற்காகப் பேனா பிடித்தவர்களில் நான்ஸென் முதல் வரிசையினர். 1906-ல் லண்டனில் அந்நாட்டின் பிரதிநிதியானார். முதல் உலக யுத்தத்திற்குப் பின், நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கைதிகளைத் தாய்நாடு சேர்ப்பித்தார். ருஷ்யப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தோருக்காக அரசாங்கங்களிடம் மன்றாடினார். நாடிழந்த அகதிகளுக்கு அவர் பெயராலேயே பிரயாணச் சீட்டு வழங்கப்பட்டது. 1922-ல் நோபல் சமாதானப் பரிசு அவரை நாடி வந்தது. 1930-ல் காலமானார்.

துருவத்தில் சூரியன் மீளும் நாளைப் பஞ்சாங்கம் சொல்லிவிடும். அகதிக்கும் கைதிக்கும் அத்தகைய பஞ்சாங்கம் ஏது? அவர்களுடைய இரவைக் குறைக்கப் பிறர் உழைத்தாக வேண்டும். காத்திருப்பது வேறு, சும்மாயிருப்பது வேறு என்று பனியிடையே கற்ற பாடத்தையே நான்ஸென் மனிதரிடையேயும் நடத்திக் காட்டினார். பொதுப்பணியில் இறங்குவோர் அவரிடம் கற்க வேண்டியதும் அதுவே.