போதுமென்ற மனமும் போதாத கூலியும்

கூலி உயர்வு கேட்டு நிற்கும் தொழிலாளிக்கு, கூலி கிடைக்கிறதோ இல்லையோ, உபதேசம் ஒன்று உடனே கிடைத்துவிடும். ஆசையை அடக்கு, இருப்பதைக் கொண்டு வாழ், போதுமென்ற மனம் வந்துவிட்டால் குடிசையும் மாளிகைதான் என்று! சொல்பவர் குடிசையில் இருப்பவரல்ல. மாளிகையை விட்டுக் குடிசைக்கு வரப்போகிறவரும் அல்ல. ஆகவேதான் சிக்கனம், மனநிறைவு என்ற சொற்களைக் கேட்டாலே நம் தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிப்பது நியாயம்.

ஆனால் அந்தச் சொற்கள் சீமான்களுக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் இருந்தார். 2,300 ஆண்டுகளுக்கு முன்பு, கிரேக்க நாட்டு ஏதென்ஸ் பட்டணத்தில், ரொட்டியும் தண்ணீரும் உண்டு, நண்பர்கள் நடுவில் காலம் கழித்த எபிகூரஸ் என்ற அறிஞர். அவருக்கு உலகம் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அவர் பெயரிலிருந்து பிறந்த சொல்லுக்கு நாக்கு ருசியில் திளைப்பவன், சுகபோகி என்று பொருள்! யூதர்களின் மொழியில் அவர் பெயரே நாத்திகனுக்குப் பெயராகிவிட்டது. இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அவரை நரகத்துக்கு அனுப்பி, எரியும் கல்லறையில் கிடத்தினார். உலகாயதரைப் பற்றி இந்நாட்டில் நாம் அறிவதில் பெரும்பகுதி அவர்களுடைய எதிரிகள் எழுதி வைத்ததுதானே! அங்கேயும் அதே கதை.

கி.மு. 341-ல் சாமோஸ் தீவில் பிறந்தவர் எபிகூரஸ். தந்தை நியோக்ளிஸ், ஏதென்ஸிலிருந்து அங்கே குடியேறிய ஒரு பள்ளி ஆசிரியர். சிறு கூலிக்குப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்; மகனும் கூட இருந்து உதவினான். தாய், வீடு வீடாகப் போய்த் தீட்டுக் கழிக்கும் மந்திரம் ஓதிப் பிழைத்தவர் என்று பின்னாளில் மாற்றார் எழுதினர். ஏழை வீட்டில் பிறந்ததையே குற்றமாகக் காட்டும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல!

பதினான்கு வயதுப் பையனாக இருந்தபோது, ஆதியில் எல்லாம் வெறும் பாழிலிருந்து தோன்றின என்று ஆசிரியர் பழம் பாட்டை ஓதினாராம். அந்தப் பாழ் எதிலிருந்து தோன்றியது என்று பையன் கேட்டானாம். ஆசிரியருக்குப் பதில் தெரியவில்லை. தத்துவ ஞானிகளைப் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார். கேட்கப் போனவன்தான், திரும்பவில்லை.

பதினெட்டு வயதில் படைப் பயிற்சிக்காக ஏதென்ஸ் வந்தார். அது கி.மு. 323; மாவீரன் அலெக்சாண்டர் இறந்த ஆண்டு. அடுத்து நடந்தது என்ன? அலெக்சாண்டரின் தளபதிகள் சாமோஸில் குடியேறியிருந்த ஏதென்ஸ்காரர்களை விரட்டி அடித்தனர். வீடு போயிற்று, நிலம் போயிற்று. குடும்பம் கொலோபோன் நகரில் அகதியாய் ஒதுங்கியது. அரசர்கள் ஆடும் சூதாட்டத்தில் பள்ளி ஆசிரியரின் குடும்பம் எப்படித் தெருவுக்கு வரும் என்பதை எபிகூரஸ் ஏட்டில் படிக்கவில்லை, அனுபவித்தார். பின்னாளில் அவர் அரண்மனைப் பக்கம் தலைவைத்துப் படுக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முப்பத்திரண்டாம் வயதில் மித்திலீனிலும் பிறகு லாம்ப்சகஸிலும் போதிக்கத் தொடங்கினார். ஆயுள் முழுதும் உடன்வந்த நண்பர்கள் அங்கேதான் சேர்ந்தனர்: மெட்ரோடோரஸ், ஹெர்மார்க்கஸ், பொலியேனஸ், இடொமீனியஸ். கி.மு. 306-ஐ ஒட்டி ஏதென்ஸ் திரும்பி, நகர் வாசலுக்கு வெளியே ஒரு தோட்டம் வாங்கினார். விலை 80 மினா. ஒரு மினா என்பது 100 திராக்மா. அந்தக் காலத்தில் எலூசிஸ் கோயில் திருப்பணியில் தேர்ந்த கைத்தொழிலாளிக்கு நாள் கூலி இரண்டு அல்லது இரண்டரை திராக்மா என்று கல்வெட்டுக் கணக்கு இருக்கிறது. அப்படியானால் தோட்டத்தின் விலை 4,000 நாள் கூலி! இதை மறைக்க வேண்டியதில்லை. எளிமையாக வாழவும் காலூன்ற ஓர் இடம் வேண்டும். அவருடைய கூட்டத்துக்கு வசதி படைத்த நண்பர்கள் சந்தா கொடுத்தே உதவினர். அவர் வாயாலேயே அதைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்.

அந்தத் தோட்டத்துக்குள் யார் யார் இருந்தனர்? அதுதான் ஊரைத் திடுக்கிட வைத்தது. பெண்கள் இருந்தனர். கணவர் லியோன்டியஸோடு வந்து சேர்ந்த தெமிஸ்டா இருந்தார். ஊரார் விலைமகள் என்று ஒதுக்கிய லியோன்டியான் இருந்தார். வெறுமனே இருக்கவில்லை, அரிஸ்டாட்டிலின் மாணாக்கரும் மாபெரும் பண்டிதருமான தியோபிராஸ்டஸை மறுத்து நூலே எழுதினார். ஒரு பரத்தைக்கு இவ்வளவு துணிவா என்று ரோமாபுரி சிசரோ இருநூறு ஆண்டுகள் கழித்தும் பொருமினார். பொருமிக்கொண்டே அவருடைய நடை நன்றாயிருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். அடிமைகளும் அங்கே பாடம் கேட்டனர். மிஸ் என்ற அடிமை அவர்களில் பெயர் பெற்றவர்.

உணவு? ரொட்டி, தண்ணீர். சில சமயம் கொஞ்சம் திராட்சை ரசம். விருந்து கொண்டாட வேண்டுமென்று தோன்றினால் ஒரு சிறு சட்டிப் பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பருக்கு எழுதுவார். சில நாட்களைக் குறித்துக்கொண்டு, எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் மகிழ்ச்சி குறையாமலிருக்கிறதா என்று தம்மைத் தாமே சோதித்துப் பார்ப்பாராம். ஒரு காசுக்கும் குறைவான செலவில் தமக்கு ஒரு நாள் கழிகிறது, மெட்ரோடோரஸ் இன்னும் அவ்வளவு தேறவில்லை, அவருக்கு முழுக் காசு வேண்டியிருக்கிறது என்று வேடிக்கையாக அவர் எழுதியதை ரோமாபுரிச் சீமான் செனெகா குறித்து வைத்திருக்கிறார்.

மனிதனின் ஆசைகளை அவர் தரம் பிரித்தார். பசி, தாகம், குளிர் இவற்றைப் போக்கிக் கொள்ளும் ஆசை இயற்கையானது, தவிர்க்க முடியாதது. அது நிறைவேறியே ஆகவேண்டும். ருசியான பண்டம் போன்றவை இயற்கையானவையே, ஆனால் இல்லாவிட்டாலும் உயிர் போகாது. பட்டம், பதவி, ஊர் மெச்ச ஒரு சிலை, இவை முடிவில்லாத வெற்று ஆசைகள். தோழர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் வரிசையில் உள்ளதை விட்டுக்கொடு என்று எபிகூரஸ் யாரிடமும் சொல்லவில்லை! பட்டினியைப் பொறுத்துக்கொள் என்பது அவர் போதனையல்ல. பிள்ளைக்குப் பாலும் கூரைக்கு ஓடும் கேட்பவனிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுகிறவர், எபிகூரஸின் பெயரைச் சொல்லிக்கொள்ள அருகதையற்றவர். அவருடைய கத்தரிக்கோல் மூன்றாம் வரிசையை நோக்கியே நீண்டது. அந்த வரிசையில் இருப்பவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதே நேரத்தில் நம் பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஊர் மெச்சக் கல்யாணம் செய்ய ஒன்றுக்கு மூன்றாக வட்டிக்கு வாங்குகிறோம். கைப்பேசியைத் தட்டினால் கடன் வருகிறது. தவணை கட்டத் தவறினால் அதே கைப்பேசியில் வசவு வருகிறது. கழுத்தளவு தவணையில் நிற்பவன் வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கத் தயங்குகிறான். தேவை குறைந்தவனை விலைக்கு வாங்குவது கடினம். எபிகூரஸ் கொண்டாடிய சிக்கனத்தின் பயன் இதுதான். பிறர் கையை எதிர்பாராத விடுதலை.

தோட்டத்துச் சொத்தைப் பொதுவில் வைக்கவேண்டும் என்று மட்டும் அவர் விதி செய்யவில்லை. அப்படி விதி செய்வதே நண்பர்களுக்குள் நம்பிக்கையில்லை என்று காட்டும், நம்பிக்கையில்லாதவன் நண்பனே அல்ல என்பது அவர் வாதம். வாதம் அழகாயிருக்கிறது. ஊருக்கெல்லாம் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

ஆனால் நட்பு என்று வாயால் சொன்னது நெருக்கடியில் என்னவாயிற்று? கி.மு. 295 வாக்கில் மாசிடோனிய தளபதி டெமெட்ரியஸ் ஏதென்ஸை முற்றுகையிட்டான். தானியம் ஏற்றி வந்த கப்பலைப் பிடித்து அதன் தலைவனைத் தூக்கிலிட்டான். பிறகு எந்தக் கப்பலும் நெருங்கவில்லை. ஏறக்குறைய ஒன்பது லிட்டர் பிடிக்கும் ஓர் அளவு கோதுமை 300 திராக்மாவுக்கு விற்றது. கூலிக்காரன் ஐந்து மாதம் உழைத்தால்தான் அந்தப் பணத்தைப் பார்க்க முடியும்! ஒரு வீட்டில் கூரையிலிருந்து செத்த எலி ஒன்று விழ, தகப்பனும் மகனும் அதற்காகச் சண்டையிட்டுக் கொண்டனர் என்று வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். தோட்டத்தில் என்ன நடந்தது என்பதையும் அவரே எழுதுகிறார். எபிகூரஸ் பயற்றங்கொட்டைகளை எண்ணி எண்ணித் தம் தோழர்களுக்குப் பங்கிட்டு, அவர்களை உயிரோடு காத்தார். புளூட்டார்க் எபிகூரஸின் கட்சிக்காரர் அல்ல. அவரை மறுத்து நூல்கள் எழுதியவர். அவர் பேனாவிலிருந்தே இது வந்திருக்கிறது.

வெளியிலிருப்பவர் சும்மா இருப்பார்களா? மெட்ரோடோரஸின் சொந்தச் சகோதரன் டிமோக்ரட்டிஸ் கூட்டத்தை விட்டு ஓடி, எபிகூரஸ் தின்று தின்று நாளுக்கு இருமுறை வாந்தி எடுக்கிறார் என்று எழுதினான். வேறொருவன் ஆபாசக் கடிதங்கள் ஐம்பது புனைந்து, எபிகூரஸ் எழுதியவை என்று பரப்பினான். பிரிந்து போனவன் பேசுவதுதான் வெளியே வேகமாகப் பரவும். கட்சிப் பணி செய்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

எல்லாவற்றிலும் நாம் அவரோடு உடன்படவில்லை. பொதுவாழ்வில் இறங்காதே, யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி வாழ் என்றார். நண்பர்கள் ஒரு தோட்டத்துக்குள் மகிழ்ந்திருந்தாலும், மதிலுக்கு வெளியே முற்றுகை போடுகிறவன் போட்டுக்கொண்டுதான் இருப்பான். கோதுமை விலையைத் தோட்டம் தீர்மானிக்கவில்லை. அடிமையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் சொன்னவர், அடிமை முறையே ஆகாது என்று சொல்லவில்லை. மிஸ் அவருடைய உடைமையாகவே ஆண்டுகள் பல இருந்தார். ஆனாலும் தெய்வ கோபத்துக்கும் நரகத்துக்கும் அஞ்சி நடுங்கிய மனிதனிடம், எல்லாம் அணுக்களின் கூட்டம், இடியும் மின்னலும் எவருடைய தண்டனையும் அல்ல, இறந்தபின் வேதனை இல்லை என்று எடுத்துச் சொன்ன துணிவு சாமானியமானதா? காரல் மார்க்ஸ் 1841-ல் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் டெமாக்ரிட்டஸ், எபிகூரஸ் இருவரின் இயற்கைத் தத்துவந்தான்.

நண்பர் எல்லோரும் தோட்டத்தில் இல்லை. லாம்ப்சகஸில் சிலர், மித்திலீனில் சிலர், ஆசியக் கரையில் சிலர். கடல் கடந்து கடிதங்கள் போயின, வந்தன. இரண்டு மூன்று முறை அவரே கப்பலேறிப் போய்ப் பார்த்து வந்தார். உடல்நலம் எப்படி, பிள்ளைகள் எப்படி, எந்தப் பயம் உறுத்துகிறது என்று விசாரிப்பதும் தத்துவப் பாடமும் ஒரே கடிதத்தில் கலந்திருக்கும். ஏறத்தாழ 300 சுருள்கள் எழுதியவரின் நூல்கள் அழிந்துபோக, முழுதாக மிஞ்சியவற்றில் முக்கியமானவை மூன்று கடிதங்களே. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள ஒயினோண்டா என்ற ஊரில், டயோஜினிஸ் என்ற முதியவர் இந்தப் போதனைகளை நீண்ட கற்சுவரில் செதுக்கி வைத்தார். வழிப்போக்கரும் இனிப் பிறக்கப்போகிறவர்களும் படிக்கவேண்டுமென்று! அந்தச் சுவரின் துண்டுகள் 1884-ல் கண்டுபிடிக்கப்பட்டன.

மெட்ரோடோரஸ் முந்திக்கொண்டார். ஏழு ஆண்டு கழித்து, கி.மு. 270-ல், எபிகூரஸ் கல்லடைப்பு நோயில் வீழ்ந்தார். சிறுநீர் அடைத்துப் பதினான்கு நாள் வேதனை. சாகும் நாளில் இடொமீனியஸுக்குக் கடிதம் எழுதினார். வலி தாங்க முடியாததாயிருந்தாலும் பழைய உரையாடல்களின் நினைவு அதற்கு ஈடுகட்டி நிற்கிறதென்று தெரிவித்து, மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். வெண்கலத் தொட்டியில் வெந்நீரில் அமர்ந்து, ஒரு கிண்ணம் திராட்சை ரசம் கேட்டு வாங்கி அருந்தி, நண்பர்கள் சூழக் கண்ணை மூடினார். வயது 72.

உயிலும் கிடைத்திருக்கிறது. ஹெர்மார்க்கஸ் வெளியூர்க்காரர், ஏதென்ஸ் சட்டப்படி நிலம் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே தோட்டத்தைக் குடியுரிமை பெற்ற இருவர் பெயரில் எழுதி, ஹெர்மார்க்கஸும் கூட்டத்தாரும் அங்கே வாழவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மெட்ரோடோரஸின் மகளுக்குக் கல்யாணச் செலவு ஒதுக்கினார். மிஸ், நிக்கியாஸ், லைக்கோன், பெண்ணடிமை பைட்ரியம் நால்வருக்கும் விடுதலை தந்தார். தம்மையும் மெட்ரோடோரஸையும் நினைத்து மாதந்தோறும் இருபதாம் தேதி நண்பர்கள் கூடி உண்ணவேண்டும் என்றார்.

கூடினார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கூடினார்கள். இத்தாலியில் பிலொடெமஸ் என்ற எபிகூரஸ் வழிக்காரர், ஜூலியஸ் சீசருக்குப் பெண் கொடுத்த பெருஞ்செல்வர் பீசோவுக்கு ஓர் அழைப்பு எழுதினார். உயர்ந்த பண்டங்கள் எதுவும் கிடைக்காது, உண்மையான தோழர்கள் இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, இருபதாம் தேதி விருந்துக்குத் தம் எளிய குடிலுக்கு வரச் சொன்னார்.