பன்னிரண்டு ஊர்களும் ஒரு முதலெழுத்தும்

புனே நகரில் தமிழர் இருவர் புதிதாகச் சந்தித்தால், முதலில் எழும் வினா எந்த ஊர் என்பதே. அதற்கு விடை ஒரு சொல்லில் அடங்குவதில்லை. பிறந்தது ஓர் ஊர், படித்தது ஓர் ஊர், உத்தியோகம் இழுத்துச் சென்ற ஊர்கள் சில. இறுதியில் கட்கி என்றோ ராஸ்தா பேட்டை என்றோ வந்து முடியும். இவ்வாறு ஊர்களை எண்ணும் நமக்குத் தமிழ்த் தாத்தா டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை ஆறுதலும் அறிவுரையும் ஆகும்.

ஐயரவர்கள் தோன்றியது 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் கடைசியானவராகிய இரண்டாம் சிவாஜி மறைந்ததும் அவ்வாண்டே. ஐயரின் சொந்த ஊர் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். தஞ்சை மன்னர் ஒருவர் தானமாக அளித்த ஊர் அது என்பது வழக்கு.

தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஆதரிப்போரை நாடி ஊர் ஊராகச் சென்றவர், மைந்தனின் தமிழ் வேட்கையைக் கண்டபின் நல்லாசிரியர் இருக்கும் இடத்தையும் நாடலானார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் எனக் குடும்பம் பெயர்ந்தது. கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரும் பாடம் சொல்லினர். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். ஆசிரியருடன் திருவாவடுதுறையிலும் பட்டீச்சுரத்திலும் தங்கிப் பயின்றார். 1876இல் ஆசிரியர் மறைந்தபின் திருவாவடுதுறை மடமே அவருக்குப் புகலாயிற்று.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். சீவக சிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம். திருவல்லிக்கேணியில் அமைந்த இல்லத்துக்கு, கும்பகோணத்து வேலையைத் தமக்குப் பெற்றுத் தந்த தியாகராச செட்டியாரின் நினைவாகத் தியாகராஜ விலாசம் எனப் பெயரிட்டார். 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக விளங்கினார். 1942இல் யுத்த அச்சத்தால் சென்னை மக்கள் வெளியேறியபோது, எண்பத்தேழாம் வயதில் திருக்கழுக்குன்றம் சென்றார். அங்கேயே ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார்.

விரல் விட்டு எண்ணினால் பன்னிரண்டு ஊர்கள். ஏடு தேடி அலைந்த ஊர்கள் இக்கணக்கில் சேரா.

இருந்த வீடு நிலைப்பதில்லை. தியாகராஜ விலாசமும் 2012இல் இடிக்கப்பட்டது. அவர் பதிப்பித்த நூல்களோ, அவ்வூர்களை ஒரு நாளும் காணாத நம் வீட்டு அலமாரியிலும் இருக்கின்றன. வேங்கடசுப்பையர் மகனுக்கு நிலையான வீடு ஒன்றை அமைத்துத் தரவில்லை; கல்வி கிடைக்கும் இடத்துக்கு அவனை அழைத்துச் சென்றார். நாமோ ஊதியம் கிடைத்த இடத்துக்கு நம் குழந்தைகளை அழைத்து வந்தோம். அதில் குற்றமில்லை. ஆனால் தமிழையும் உடன் அழைத்து வந்தோமா என்பதை ஆண்டுக்கு ஒரு முறையேனும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. பன்னிரண்டு ஊர்களில் வாழ்ந்தும் ஐயர் தம் பெயரின் முதலெழுத்தை மாற்றவில்லை. அந்த 'உ' உத்தமதானபுரம். அடுத்த 'வே' அவர் தந்தையார். இங்குள்ள விண்ணப்பத் தாள்களில் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும்போது நம் பிள்ளைகள் திகைக்கின்றனர். அவர்கள் பெயருக்கு முன் நிற்கும் எழுத்து எந்த ஊரை, எந்த முன்னோரைக் குறிக்கின்றது என்பதை இன்றிரவே சொல்லி வைப்போமாக.