மெக்கன்சியும் ஊர்ப்பெயர்களும்

ஹட்டன், அக்கரப்பத்தனை மலைகளிலே ஸ்ட்ரத்டன், கிளென்லயன் என வழங்கும் தோட்டப் பெயர்கள் ஸ்காட்லாந்து நாட்டுப் பெயர்கள். கேலிக் மொழியில் கிளென் என்பது குறுகிய பள்ளத்தாக்கு. ஸ்ட்ரத் என்பது ஆறு பாயும் அகன்ற பள்ளத்தாக்கு. கொழுந்து பறிப்போர்க்கு இப்பொருளை எவரும் சொன்னதில்லை. அவர்கள் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயர்களோ நிலப்படத்தில் ஏறவில்லை. மாணவர்க்கு இவற்றை விளக்கும்போதெல்லாம், கேலிக் வழங்கும் லூயிஸ் தீவிலே பிறந்த கர்னல் காலின் மெக்கன்சியை நினைப்பேன்.

ஸ்டோர்னோவே அவருடைய ஊர். 1783இல் கும்பினியின் படையில் சேர்ந்து சென்னை வந்தார். ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் கொழும்பைக் கைப்பற்றிய படையிலும் இருந்தார். மலைநாடு அன்று கண்டியரசர் வசம். திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளந்தார். எல்லைக்கோடு மட்டும் அவருக்குப் போதவில்லை. ஊருக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது, கோயிலை எடுப்பித்தவர் யார், கல்வெட்டு யாது கூறுகிறது என்றெல்லாம் ஊரூராகக் கேட்டு எழுதுவித்தார்.

ஆயினும் நம் மொழிகளை அவர் கற்றிலர். கேட்டவரும் எழுதியவரும் காவலி வெங்கட போரய்யாவும், அவர் 1803இல் மறைந்தபின் தம்பி இலட்சுமய்யாவும், அவர்களைச் சார்ந்த பண்டிதர்களுமே.

1815இல் இந்தியாவின் முதல் தலைமை நிலஅளவையாளரான மெக்கன்சி, 1821இல் தாயகம் திரும்பாமலே இறந்தார். அவர் திரட்டியவற்றைக் கும்பினி ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது; ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. எஞ்சிய பணியைத் தாம் தொடர இலட்சுமய்யா இசைவு வேண்டினார். 1830களில் வங்காள ஆசியக் கழகம் மறுத்துவிட்டது. இந்தியர் ஒருவரால் அதனைத் தலைமையேற்று நடத்த இயலாதாம்!