இன்சுலின் தந்த பேண்டிங்

இன்று நீரிழிவு நோயுள்ள பலர் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கும் வேலைக்கும் சென்று வருவதை நாம் காண்கிறோம். இந்நோயைப் பேச்சு வழக்கில் 'இனிப்புநீர்' என்றும் சொல்வதுண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. சிறுவர்களுக்கு இந்நோய் கண்டால் தாகம் அடங்காது. சிறுநீர் அடிக்கடி கழியும். எவ்வளவு உண்டாலும் உடல் மெலிந்துகொண்டே போகும். நோய் கண்ட சிறுவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். மருத்துவர்களால் செய்ய முடிந்ததெல்லாம் அவர்களின் உணவை மிகவும் குறைப்பதுதான். பசியோடு கிடந்தால் இன்னும் சில காலம் உயிர் வாழலாம். அந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் கனடா நாட்டு மருத்துவர் பிரெடரிக் பேண்டிங்.

பேண்டிங் 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், ஒண்டாரியோ மாநிலத்தின் அலிஸ்டன் என்னும் ஊருக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். டோரண்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். அப்போது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. படிப்பை முடித்ததும் இராணுவ மருத்துவராகப் போர்க்களம் சென்றார். 1918இல் பிரான்சில் நடந்த போரில் கையில் காயம்பட்டார். தம் காயத்தையும் பொருட்படுத்தாமல் மற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்ததற்காக அவருக்கு வீர விருது வழங்கப்பட்டது.

போர் முடிந்து திரும்பியவர், 1920இல் கனடாவிலுள்ள லண்டன் என்னும் நகரில் சொந்தமாக மருந்தகம் திறந்தார். நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் நான்கே டாலர். செலவைச் சமாளிக்க அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகக் கற்பித்தார். அந்த ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இரவு, மறுநாள் பாடத்திற்காகக் கணையத்தைப் பற்றிய மருத்துவக் கட்டுரை ஒன்றைப் படித்தார். உறக்கம் வரவில்லை. நள்ளிரவுக்குப் பின் எழுந்து, தம் மனத்தில் தோன்றிய எண்ணத்தைச் சில வரிகளில் குறித்து வைத்தார்.

அந்த எண்ணத்தைப் புரிந்துகொள்ளக் கணையத்தைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. உணவைச் செரிக்க உதவும் நீரைச் சுரந்து, குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. இரத்தத்தில் நேரடியாகக் கலக்கும் இயக்குநீர்களைச் சுரப்பது மற்றொன்று. இயக்குநீரை ஹார்மோன் என்றும் கூறுவர். இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் உயிரணுக்கள், கணையத்திற்குள் சிறு சிறு தீவுகளைப் போலக் கூட்டங்கூட்டமாக இருக்கின்றன. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மாணவர் அவற்றை நுண்ணோக்கியில் கண்டார். 1889இல் வேறு இரு அறிஞர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது, அந்த நாய்க்கு நீரிழிவு நோய் வந்தது. ஆகவே, நோயைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் கணையத்தில் இருப்பது தெரிந்தது. ஆனால், அதைப் பிரித்தெடுக்க முயன்ற எவராலும் நோயாளிக்குத் தரக்கூடிய நல்ல மருந்தை உருவாக்க முடியவில்லை.

கணையத்தை அரைக்கும்போது அதிலுள்ள செரிமான நீரே அந்தப் பொருளை அழித்துவிடுகிறது என்று பேண்டிங் எண்ணினார். கணையக் குழாயைக் கட்டிவிட்டால் செரிமான நீரைச் சுரக்கும் பகுதி நாளடைவில் சுருங்கிவிடும். தீவுகள் மட்டும் எஞ்சும். அப்போது அந்தப் பொருளைப் பாதுகாப்பாக எடுக்கலாம் என்பதே அவர் திட்டம்.

அவர் டோரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மெக்லவுட்டிடம் சென்று உதவி கேட்டார். ஆராய்ச்சி அனுபவம் இல்லாத இளைஞரால் இது முடியுமா என்று பேராசிரியர் முதலில் தயங்கினார். எனினும் ஓர் ஆய்வுக்கூடத்தையும் சில நாய்களையும் சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரின் துணையையும் அளித்தார். 1921ஆம் ஆண்டு மே மாதம் ஆய்வு தொடங்கியது. கோடை வெயில் கடுமையாக இருந்தது. அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட நாய்கள் பல இறந்தன. அந்தக் கோடையில் பேண்டிங்கிற்குச் சம்பளம் கிடையாது. செலவுக்காகத் தம் காரையும் விற்றார். ஜூலை 30ஆம் நாள், நீரிழிவு கண்ட ஒரு நாய்க்குத் தாங்கள் எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினர். அதன் இரத்தத்தில் இருந்த சர்க்கரை குறைந்தது. பிறகு மார்ஜரி என்னும் நாய் கணையமின்றியே ஏறத்தாழ 70 நாள் உயிர் வாழ்ந்தது.

ஆனால், நாய்களின் கணையத்திலிருந்து கிடைத்த சாறு மிகக் குறைவு. ஆகவே, இறைச்சிக்காக வெட்டப்படும் மாடுகளின் கணையத்தைப் பயன்படுத்திப் பார்த்தனர். குழாயைக் கட்டாமலே அதிலிருந்தும் சாறு கிடைத்தது. பேண்டிங் அந்த இரவில் எழுதி வைத்த வழி தேவையற்றதாகிவிட்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்காமல் புதிய வழியில் தொடர்ந்தார். சாற்றைத் தூய்மைப்படுத்த ஜேம்ஸ் கோலிப் என்னும் உயிர்வேதியியல் அறிஞர் குழுவில் சேர்ந்தார்.

அப்போது டோரண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் நீரிழிவால் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். அவன் எடை 30 கிலோகிராமுக்கும் குறைவு. 1922 ஜனவரி 11ஆம் நாள் அவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு தூய்மையாக இல்லாததால் ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியது. பயனும் பெரிதாக இல்லை. கோலிப் இரவு பகலாக உழைத்துச் சாற்றைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஊசி போடப்பட்டது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. சிறுவன் தெம்பு பெற்றான். அதன்பின் அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அந்த மருந்துக்கு, தீவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 'இன்சுலின்' என்னும் பெயர் வந்தது.

இந்த மருந்தின் உரிமையைத் தங்களிடமே வைத்திருந்தால் பேண்டிங்கும் நண்பர்களும் பெருஞ்செல்வர் ஆகியிருப்பர். ஆனால் பேண்டிங், பெஸ்ட், கோலிப் ஆகிய மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு உரிமையைப் பல்கலைக்கழகத்திற்கே கொடுத்துவிட்டனர். 1923ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு பேண்டிங்கிற்கும் மெக்லவுட்டிற்கும் அறிவிக்கப்பட்டது. பேண்டிங் எளிதில் சினம் கொள்பவர். மெக்லவுட்டுடனும் கோலிப்புடனும் அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. தம்முடன் கோடை முழுவதும் உழைத்த பெஸ்ட்டின் பெயர் விடுபட்டதைக் கண்டு கொதித்தார். தம் பரிசுத் தொகையில் பாதியைப் பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மெக்லவுட்டும் தம் பங்கைக் கோலிப்புடன் பகிர்ந்துகொண்டார். மருத்துவத் துறையில் மிக இளம் வயதில் நோபல் பரிசு பெற்றவர் என்னும் பெருமை இன்றும் பேண்டிங்கிடமே உள்ளது.

இன்சுலினைப் பற்றிய அறிவு வேறொரு நோயைக் கண்டறியவும் வழிவகுத்தது. சிலருக்குக் கணையத் தீவுகளில் சிறு கட்டி தோன்றி, அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கும். அவர்களுக்கு இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்து, நடுக்கமும் குழப்பமும் மயக்கமும் ஏற்படும். 1929இல் அதே டோரண்டோ நகரில் ராஸ்கோ கிரகாம் என்னும் அறுவை மருத்துவர் அத்தகைய கட்டி ஒன்றை அகற்றி, நோயாளியைக் குணப்படுத்தினார். இன்சுலின் குறைந்தாலும் ஆபத்து. மிகுந்தாலும் ஆபத்து என்பதை மருத்துவ உலகம் உணர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, விமானிகளின் உடல்நலம் தொடர்பான ஆய்வுப் பணிக்காகப் பேண்டிங் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அவர் சென்ற விமானம் நியூஃபவுண்ட்லாந்தில் விபத்துக்குள்ளானது. 1941 பிப்ரவரி 21ஆம் நாள், தம் 49ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். அவர் பிறந்த நாளான நவம்பர் 14ஐ உலகம் நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கிறது.

இன்சுலின் நீரிழிவு நோயாளியின் உயிரைக் காக்கிறது. நோயை முற்றாகப் போக்குவதில்லை. லண்டன் நகரில் பேண்டிங் அந்த எண்ணத்தை எழுதிய வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அதன் முன்னே 1989இல் ஒரு சுடர் ஏற்றப்பட்டது. நீரிழிவை முற்றிலும் குணப்படுத்தும் வழி கண்டுபிடிக்கப்படும் நாளில்தான் அதை அணைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அச்சுடர் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.