மட்கலம் வனைந்த மரியா

அமெரிக்க நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான் இல்டிஃபான்சோ என்றொரு சிற்றூர் உண்டு. புனித இல்டிஃபான்சுவின் பெயர் தாங்கிய அவ்வூர், பூர்வகுடி மக்களுடையது. அங்கே 1887-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் மரியா மார்ட்டினெஸ். சிறுவயதில் பெரியம்மை கண்டு பிழைத்த அவர், நன்றியாகச் சிமாயோ திருத்தலத்திற்கு நேர்ச்சைப் பயணம் சென்றார். பின்னர் சாந்தா ஃபே நகரின் புனித கேத்தரின் பள்ளியில் இரண்டாண்டுகள் கன்னியரிடம் பயின்றார். அப்பள்ளியை நிறுவிய கேத்தரின் டிரெக்சல் அன்னை 2000-ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தப்பட்டார் என்பதை நம் மாணவியர் அறிந்தால் மகிழ்வர். ஆயினும் மரியாவுக்குப் புகழ் தந்தது, உறவினரான நிக்கொலாசா அம்மையாரிடம் அவர் கற்ற மண்வேலையே.

அக்காலத்தில் கடைகளில் மலிவான தகரப் பாத்திரங்கள் வந்துவிட்டன. தண்ணீருக்கும் தானியத்திற்கும் பானை வனைவது அருகி வந்தது. 1904-இல் மரியா ஜூலியன் மார்ட்டினெஸை மணந்தார். 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜூலியன் அகழாய்வு வேலைக்குச் சென்றார். அங்கே கிடைத்த பழங்கால ஓடுகளைப் போன்ற கலங்களைச் செய்து தருமாறு ஆய்வாளர் எட்கர் ஹெவெட் மரியாவைக் கேட்டுக்கொண்டார்.

நம் ஊர்க் குயவரின் சக்கரம் மரியாவிடம் இல்லை. களிமண்ணில் எரிமலைச் சாம்பலைக் கலந்து, கயிறுபோல் திரித்து, வளையம் வளையமாக அடுக்கிச் சுவர் எழுப்புவார். சுரைக்குடுக்கைத் துண்டால் வழித்துச் சமன் செய்வார். காய்ந்தபின் மெல்லிய மண்குழம்பு பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பார். பொறுமை வேண்டிய வேலை அது! அதன்மேல் ஜூலியன் சித்திரம் எழுதுவார். பிறகு வெட்டவெளியில் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவர். தக்க தருணத்தில் குதிரைச் சாணத்தூளைக் கொட்டி நெருப்பை மூடிவிட்டால், காற்றின்றிப் புகை மண்டும். சிவப்பாக வெளிவரவேண்டிய கலம், கரி ஏறிக் கண்ணாடிபோல் கறுத்துவிடும். இந்தக் கறுப்பில் பளபளக்கும் பரப்பையும் மங்கலான சித்திரத்தையும் இணைக்கும் முறையை இருவரும் 1919-ஐ ஒட்டிக் கண்டனர். உலகப் புகழ் இதனால் வந்தது.

அம்முறையை மரியா தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பெண்களுக்கும் கற்பித்தார். அதுவரை அவ்வூரில் கலத்தில் பெயர் பொறிக்கும் வழக்கமே கிடையாது. வாங்குவோர் விரும்பியதால் 1920-களில் தம் பெயரைப் பொறிக்கத் தொடங்கினார். பெயருள்ள கலத்திற்கே நல்ல விலை என்றானதும், பிற பெண்கள் செய்த கலங்களிலும் தம் பெயரை இட்டுக் கொடுத்தார். கலைப்பொருள் சேகரிப்போர் இதைக் கேட்டு முகஞ்சுளித்தனர். எது உண்மையில் மரியாவின் கைவேலை என்று அவர்களுக்குத் தெரியவேண்டுமாம்! அவர்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் ஊரார் அடுப்பு எரிவதற்குத் தம் பெயரைப் பகிர்ந்தளித்த அப்பெண்மணியைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

1943-இல் ஜூலியன் மறைந்தார். மருமகள் சந்தானா அவர் விட்ட பணியை ஏற்றார். பின்னர் மகன் போபோவி டா துணைநின்றார். மரியாவின் பெயரோடு அவர்கள் பெயரும் கலத்தின் அடியில் இடம்பெற்றது. 1980-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மரியா இறைவனடி சேர்ந்தார். அவருடைய வழிவந்தோர் இன்றும் கலம் வனைகின்றனர்.