மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

மனச்சாந்தி என்பது உலகத்தைத் துறந்து மலைமுழையிலும் மடத்திலும் தங்கியவர்க்கே வாய்ப்பதென்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். உத்தியோகம், குடும்பம், நோய், மேலதிகாரியின் சினம் என்னும் இவற்றினிடையே உழல்வோர்க்குத் தெய்வ சிந்தனைக்கு அவகாசமேதென்றும் அவர் வினவுவர். இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் வேதநாயகம் பிள்ளை. அவர் துறவியுமல்லர், குருவுமல்லர். நாடோறும் கச்சேரிக்குச் சென்று வழக்குக் கேட்டுத் தீர்ப்பெழுதிய இல்லறத்தார். ஆதலின் அவர் சரிதம் நம்போன்ற இல்லறத்தார்க்கே மிகவும் உரியதாகும்.

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில், 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் தேதி, சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் புதல்வராய் இவர் தோன்றினார். இவருடைய குடும்பத்தார் கத்தோலிக்க கிறிஸ்தவர். தமிழும் ஆங்கிலமும் நன்கு பயின்றபின், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் சிறு பதவியில் அமர்ந்தார், பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி பெற்றார். அதன்பின் சீகாழியிலும், இறுதியாக மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். இன்று மயிலாடுதுறை எனப்படும் அம்மாயூரத்தில் ஏறக்குறைய 13 ஆண்டுகள் நீதி வழங்கியமையால், ஊர்ப்பெயரும் பதவிப்பெயரும் அவர் பெயரோடு பிரிவின்றி இணைந்தன.

முன்சீப் பதவியின் இயல்பைச் சிறிது நினைத்துப் பார்ப்போமாக. வரப்புத் தகராறு, கடன் முறி, பாகப்பிரிவினை என்பனவே அங்கே பெரும்பாலும் வருவன. இவ்வழக்குகள் சிறியனவாகத் தோன்றினும், ஓர் ஏழைக்குடியின் வாழ்வும் தாழ்வும் இவற்றிலேயே அடங்கியிருக்கும். கைக்கூலி கொடுப்போரும், சிபாரிசு கொண்டு வருவோரும், பொய்ச்சான்று கூறுவோரும் நாடோறும் சூழ்ந்து நிற்பர். இத்தகைய இடத்தில் இருந்துகொண்டுதான் பிள்ளையவர்கள் நீதிநூலை இயற்றி 1859-இல் வெளியிட்டார். கைக்கூலியின் இழிவை அந்நூலில் அவர் கடிந்துரைக்கின்றார். தீர்ப்புச் செய்யும் தமக்கு மேல் தம்மையும் தீர்ப்பிடும் நீதிபதி ஒருவர் உளர் என்னும் கிறிஸ்தவ நம்பிக்கை அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. நீதியாசனத்திலும் அதுவே அவருடன் அமர்ந்திருந்தது. ஆங்கிலமறியாத குடிகளும் சட்டத்தை உணரவேண்டுமென்று கருதி, 1805 முதல் 1861 வரை உயர்நீதித்தலம் அளித்த தீர்ப்புக்களைத் தமிழிற் பெயர்த்துச் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலாக அச்சிட்டார். அயலானை நேசித்தல் என்னும் கற்பனையை ஓர் உத்தியோகஸ்தர் தம் தொழிலிலேயே நிறைவேற்றக்கூடிய வழி இதுவன்றோ?

தம் சமயத்தில் உறுதியாக நின்றவர் பிற சமயத்தாரை அன்போடு தழுவினார் என்பதும் நாம் கருதத்தக்கது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பழுத்த சைவர். எனினும் இவர்மேல் குளத்துக்கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை இவர் செய்யுளாற் புகழ்ந்தார். வேர் ஆழ்ந்த மரமே கிளைகளை எட்டுத்திசையிலும் பரப்ப வல்லது.

ஆயினும் துன்பம் இவரை விட்டுவைக்கவில்லை. மணந்த மனைவியர் ஒருவர்பின் ஒருவராக இறக்க, இல்லம் பலமுறை இருண்டது. உடல்நலமும் குன்றியது. இவற்றோடு மேலதிகாரியின் மனக்கசப்பும் சேர, 1872-இல், வயது ஐம்பது நிரம்புமுன்னரே, பதவியை விட்டு நீங்க நேர்ந்தது. ஊரார் வணங்கும் பதவியை நேற்றுவரை வகித்தவர், இன்று வீட்டுத் திண்ணையில் வெறுங்கையராய் அமர்தல் எளிதோ? உத்தியோகமே உயிரென்றிருந்தவர் பலர் அதனை இழந்தபின் மனமுடைந்து மெலிவதை நாம் கண்டிருக்கின்றோம். பிள்ளையவர்களோ அடுத்த ஆண்டாகிய 1873-இலேயே திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மன் பதிகம் என்னும் பக்திநூல்களை வெளியிட்டார். வழக்கும் தீர்ப்பும் நின்றன, வழிபாடு நிற்கவில்லை. அரசாங்கம் கொடுத்த பதவியை அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம்; இறைவன் கொடுத்த பணியை எவர் எடுக்க வல்லார்?

அப்பணி இன்னதென்பது சில ஆண்டுகளிற் புலப்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. இலக்கக்கணக்கான மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். சம்பளம் நின்றுபோன அந்நாளில், பிள்ளையவர்கள் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்ப்பித்துப் பசித்தோரைக் காத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கொடையைக் கண்டு உள்ளமுருகி அவரைப் புகழ்ந்து பாடினார். சிவபக்தர் ஒருவர் கிறிஸ்தவர் ஒருவரைப் பாடச் செய்தது வாதமன்று, கஞ்சிக் கலயமே. பசித்தோர்க்குச் செய்தது தமக்கே செய்ததாகும் என்னும் கிறிஸ்துநாதரின் போதனை, மாயூரத்தில் இவ்வாறு செயலுருப் பெற்றது.

பஞ்சத்தின் துயரம் அவர் கீர்த்தனைகளிலும் புகுந்தது. 1878-இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில், எச்சமயத்தாரும் தத்தம் இறைவனை நினைந்து பாடுமாறு பொதுச்சொற்களை அமைத்தார். துதியோடு நில்லாமல் ஒழுக்கம், குடும்பம், உத்தியோகம் முதலிய உலகியற் பொருள்களையும் அவற்றுட் பாடினார். அன்றாடக் கவலை எதுவும் கடவுளின் முன் வைக்கத் தகாத அளவு சிறியதன்று என்பதே அவர் கொள்கைபோலும். மறுவருடம், 1879-இல், தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் வெளிப்பட்டது. பெண்கல்வியின் பெருமையும், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழ் வழங்காமையின் தீமையும் அதில் நகைச்சுவையோடு எடுத்துரைக்கப்பட்டன. இத்தனை இடர்களுக்குப் பின்னரும் நகைக்கவும் நகைப்பிக்கவும் வல்ல நெஞ்சம் சாந்தியடைந்த நெஞ்சமேயென்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் தேதி பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே! இச்சரிதத்தால் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளையவர்கள் சாந்தியைத் தேடித் தொழிலை விட்டு ஓடவில்லை; தொழிலையே இறைவனுக்குரிய ஊழியமாக்கினார். ஆகவே தொழில் போயினும் ஊழியம் போகவில்லை. நம்முள் கணக்கெழுதுவோரும், கடை நடத்துவோரும், ஏர் உழுவோரும், அடுப்பங்கரையில் உழைக்கும் தாய்மாரும் உளர். எந்த இருக்கையில் அமர்ந்திருப்பினும், அதனை இறைவன் காணும் இடமாகவும், அயலான் பயன்பெறும் இடமாகவும் ஆக்கிக்கொள்வோமாயின், பதவி வந்தபோது செருக்கும், போனபோது சோர்வும் நம்மை அணுகா. அத்தகைய நெஞ்சுரத்தை நாமும் பெற முயல்வோமாக.