நெவில் போனர்: மேலவை ஏறிய முதல் பூர்வகுடி மைந்தர்

ஆஸ்திரேலியக் கூட்டரசு நாடாளுமன்றம் 1901இல் முதன்முதலாகக் கூடியது. அந்த மண்ணின் பூர்வகுடி ஒருவர் அதில் அமர 70 ஆண்டுகள் பிடித்தன. அவர்தான் நெவில் போனர்.

1922இல் டுவீட் ஆற்றிலுள்ள சிறு தீவொன்றில் பிறந்தார். வறுமையில், ஆற்றோரப் புதர்களின் நிழலில் வளர்ந்தார். பள்ளி வாசலை மிதித்தது ஏறத்தாழ ஓராண்டுதான். கரும்பு வெட்டினார், மாடு மேய்த்தார், பால்ம் தீவுக் குடியிருப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

பூர்வகுடியினர் தொடர்பான 1967 பொது வாக்கெடுப்புக்குப் பின் லிபரல் கட்சியில் சேர்ந்தார். 1971இல் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் காலியான மேலவை இடம் அவருக்குக் கிட்டியது. அந்நாட்டு நிலத்தின் முந்தைய உரிமையாளர்கள் பூர்வகுடிகளே என்று ஏற்கும் அவருடைய தீர்மானத்தை 1975இல் மேலவை ஒருமனதாக நிறைவேற்றியது.

மனசாட்சிக்கு ஒவ்வாதபோது சொந்தக் கட்சிக்கு எதிராகவும் வாக்களித்தார். அத்தகையவரை 1983 தேர்தலில் கட்சி, வெல்ல இயலாத 3ஆம் இடத்துக்குத் தள்ளியது. அவர் விலகிச் சுயேச்சையாக நின்றார்; தோற்றார்.

1999இல் மறைந்தார். 2004இல் உருவான நாடாளுமன்றத் தொகுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கியது.

ஓராண்டுக் கல்வியோடு அவை ஏறியவர், பதவிக்காகத் தம் குரலை அடகு வைக்கவில்லை. பட்டம் பெறும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.